பின்னறைப் பெட்டிகளை இரும்புக்காரருக்குப் போட வேண்டாம்

எங்கள் தோட்டத்து வாசிகசாலைக் குழுவிலுள்ள ஐயாமாருக்கும் அண்ணன்மாருக்கும்,

வணக்கம். போன ஞாயிறு கூட்டத்தில், பின்னறையில் கிடக்கும் கேசட் டெக், ஆம்ப்ளிபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தீர்கள். நான் மறுத்துப் பேச எழுந்ததும், “இவனுக்குப் பாட்டு முக்கியமில்லை, பெட்டிதான் முக்கியம்” என்றார் ஓர் அண்ணன். அந்தப் பேச்சு மனதை வருத்தியது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆமாம், பெட்டி எனக்கு முக்கியம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

மாசி மாதக் காமன் கூத்தில் தாத்தா பதிந்த கேசட் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. எதில் போட்டாலும் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலவே கேட்கும். பனிக்கு நாடா கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்திருந்தோம். ஹட்டனில் ரேடியோ திருத்தும் பாஸ் ஒருவர் அதை வாங்கிப் போட்டுப் பார்த்தார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து டெக்கில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தார். அப்புறம் ஹெட்டின் ஓரத்துச் சின்னத் திருகாணியைக் கூத்து ஓட ஓடவே மெல்லத் திருப்பினார், கால் சுற்றுகூட இருக்காது. சட்டென்று தப்பு மேளத்தில் குச்சி விழும் ஓசை தனியாக எழுந்தது. வாத்தியார் மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் ஒரு குழந்தை இருமியது.

நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்கு நேராக நிற்க வேண்டிய ஹெட் துளி சாய்ந்தாலும் கீச்சென்ற மெல்லிய ஓசைகள்தான் முதலில் காணாமல் போகும். அன்று எனக்குக் கண் கலங்கியது தாத்தா காலத்துக் கூத்தாலா, அந்தத் திருகாணியாலா? பிரித்துச் சொல்ல இன்றும் முடியவில்லை.

நம்ம தப்புக்காரரைப் பாருங்கள். இந்த மலைப் பனியில் தோல் தளர்ந்துவிடும். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி, தோலைக் காட்டிக் காய்ச்சி, விரலால் தட்டித் தட்டிப் பதம் பார்க்கிறார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தைப் பார்த்து, இவருக்குத் தோல்மேல்தான் ஆசை, தாளத்தின்மேல் இல்லை என்று யாராவது சொல்வோமா?

இந்த நாட்டுக்கு வானொலி வந்த கதையும் இப்படித்தான். 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர் முன்னின்று நடத்திய சோதனை அது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் கைப்பற்றிய கருவிகளை வைத்து ஒலிபரப்பி ஒன்றைச் செய்து, ஒரு சின்ன அறையிலிருந்து கிராமபோன் இசையை அனுப்பினார்கள். 1925 டிசெம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. அன்று கருவியில் ஆசை வைத்த மனிதர்கள் இல்லாவிட்டால், பிற்பாடு நம்ம லயங்களில், இந்த வரிசை வீடுகளில், காலையில் பாட்டுக் கேட்டிருக்குமா?

சரி, உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. திருவிழாவில் லயத்துத் தகரம் அதிர ஸ்பீக்கர் அடுக்கி, வாட் கணக்கைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களை எனக்கும் பிடிக்காது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலியளவில் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்ச வித்தியாசம். காது கொடுத்துக் கேட்காமல் பெட்டியை மட்டும் அடுக்கி வைத்திருந்தால் அது வெறும் சாமான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹெட்டைத் திருப்பிய பாஸின் காது எப்படிப்பட்டது! அந்தக் கூத்தை நாங்கள் பத்து முறையாவது கேட்டிருப்போம். அவர் கேட்டதை நாங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை.

பாட்டு எல்லாம் போனில் இருக்கிறது என்றீர்கள். நம்ம தோட்டத்துக் கூத்து போனில் இல்லை. பாட்டிமார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் இல்லை. அவை வீட்டு வீட்டுக்குப் பெட்டிகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. அவற்றைக் கேட்கவும், கேட்டுக் கொண்டே போனுக்கு மாற்றவும், அந்த டெக் வேண்டும். டெக்கின் பெல்ட் மாற்றும் செலவு என்னுடையது.

சனிக்கிழமை லொறி வருகிறதாம். அதற்கு முன் ஒரே ஒரு மாலைக்குப் பின்னறைச் சாவியைத் தாருங்கள். தாத்தாவின் கேசட்டை எடுத்து வருகிறேன், நீங்களும் வந்து உட்காருங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் லயத்திலிருந்து உங்கள் தம்பி