மோர்கன்டவுன்ல இருந்து தாராவிக்கு

அண்ணே,

உன் மெயில் கிடைச்சது. அம்மா சொல்லச் சொல்ல நீ டைப் பண்ணினதுன்னு படிக்கும்போதே தெரிஞ்சுது, வரிக்கு வரி "சாப்டியாலே"ன்னு வருதே. சோறு, ரசம் நானே வச்சிக்கிறேன், குறை ஒண்ணும் இல்ல. குளிருதான், ஆனா ரெண்டு ஸ்வெட்டர் போட்டுகிட்டா ஹீட்டர் அவ்வளவா தேவைப்படல, அம்மாவ கவலைப்பட வேண்டாம்னு சொல்லு.

அப்பா என் வேலையப் பத்திக் கேட்டிருந்தாரு. இங்க அமெரிக்காவுல, வெஸ்ட் வர்ஜீனியால பிட்ஸ்பர்க் சீம்னு ஒரு நிலக்கரி அடுக்கு, பக்கத்து மாநிலம் பென்சில்வேனியா, ஒஹாயோ வரைக்கும் ஓடுது. பழைய சுரங்க மேப்பை ஸ்கேன் பண்ணி ஜிஐஎஸ்னு கம்ப்யூட்டர் மேப் சாஃப்ட்வேர்ல ஏத்தி, அதுல உள்ள ரோட்டு முக்கு, சர்ச், சுரங்க வாய் எல்லாத்தையும் இன்னைக்கு உள்ள மேப்போட பொருத்துவோம். போர் போட்ட இடத்துல கரி எத்தனை அடி கனம், எவ்வளவு ஆழம்ங்கிறது இன்னொரு லேயர். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா தோண்டினது எது, மிச்சம் எதுன்னு கணக்கு வரும். எனக்கு கரியவிட தண்ணிதான் பயம். கைவிட்ட சுரங்கத்துல தண்ணி நிரம்பி நிக்கும். 2002 ஜூலைல பென்சில்வேனியா குவெக்ரீக் சுரங்கத்துல, பக்கத்துப் பழைய சுரங்கத்துல கடைசியா தோண்டினது மேப்ல இல்லாததால அதை உடைச்சிட்டாங்க, தண்ணி உள்ள வந்துட்டு, 9 பேர் மூணு நாளுக்கு மேல உள்ள கிடந்து உயிரோட வந்தாங்க. நம்ம நாட்டுல தன்பாத் பக்கம் சாஸ்நாலா சுரங்கத்துல 1975ல 370 பேருக்கு மேல செத்தாங்களே, அப்பா சொல்வாரே, அதுவும் தண்ணி உடைச்சுதான். அதனால ஒவ்வொரு கோட்டையும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தா சுரங்கத்துல இருந்தவரு. விடியக்காலம் எந்திரிச்சு என் வாசல் பனியையும் சேர்த்து தள்ளிருவாரு, பேச மாட்டாரு. ஒருநாள் பழைய மேப் பிரின்ட் ஒண்ணை அவருகிட்ட காட்டினேன். புறங்கையெல்லாம் நீலத் தழும்பு, காயத்துக்குள்ள கரித்தூள் போயி அப்படியே ஆறினது. ஒரு மூலையில விரலை வச்சு, "இதுக்கு அங்கிட்டும் தோண்டியிருக்கோம், இதுல இல்ல"ன்னாரு. அதைக் குறிச்சு ஆபீஸ்ல கொடுத்திருக்கேன்.

பொங்கலுக்கு நீ அனுப்பின வீடியோ பார்த்தேன், தொண்ணூறடி ரோட்ல பானை வரிசை, அம்மா குலவை போடுது. முழுசா பார்க்க முடியல அண்ணே. இங்க குரல் சத்தமே இல்ல.

சரி, தாராவிய இடிச்சுப் புதுசா கட்டுறதுக்கு எடுக்கிற வீட்டு சர்வே. 2000க்கு முந்தின கரெண்ட் பில்லு ஆச்சி டிரங்குப் பெட்டியில இருக்கும், ஜெராக்ஸ் மட்டும் கொடு, ஒரிஜினல் கையை விட்டுப் போகக்கூடாது. அளக்க வரும்போது நீ கூடவே நின்னு பின்சுவர் வரைக்கும் டேப் பிடிக்கச் சொல்லு, கோடு ஒருதடவை தப்பா விழுந்தா மாத்துறது பெரும்பாடு. சித்தப்பா கையெழுத்துக்கு மதினியையே பேசச் சொல்லு, அவங்க சொன்னா கேட்பாரு. பணம் இந்த மாசம் கொஞ்சம் லேட்டாகும், பேங்க்ல ஏதோ வெரிஃபிகேஷனாம். அப்பா கண்ணு ஆபரேஷனைத் தள்ளிப்போடாத, தேதி வாங்கிட்டு எழுது.

தம்பி