இரங்கல் அறிக்கைக்கு முன்னாலேயே வாருங்கள்: பிரிட்டோரியா தூதரகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் உள்ள வெளிநாட்டுத் தூதர்களுக்கும், டர்பனில் உள்ள துணைத் தூதரக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மக்கள் உரிமைக்காக நின்று கொலை மிரட்டலுக்கு ஆளானவர்களை உயிரோடு இருக்கும்போதே வந்து பாருங்கள் என்று ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதிவிட்டேன். இந்த முறை தமிழில் எழுதுகிறேன். டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் எங்கள் சாட்ஸ்வொர்த் ஆட்களும் படிக்கட்டும், உங்கள் அலுவலகங்களில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால் உங்களுக்கு எடுத்துச் சொல்லட்டும்.

போன மாதம் உங்களில் ஒருவருடைய அலுவலக வாசலில் நானும் என்னுடன் ஒரு ஜூலுப் பெண்மணியும் நின்றோம். எந்த நாட்டு அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் மற்றவர்கள் எல்லாம் நாம் இல்லை என்று ஒதுங்கிக்கொள்வீர்கள். அவர் பெயரும் வேண்டாம். நான் அவரை சிசி என்று கூப்பிடுவேன், ஜூலுவில் அக்கா என்று அர்த்தம். தன் குடிசைப் பகுதியை இடிக்க வந்தவர்களை நீதிமன்றத் தடையாணையைக் காட்டித் திருப்பி அனுப்பியவர். அன்றைக்கு ஆரம்பித்தது மிரட்டல். அவர் வீட்டுத் தகரக் கதவில் இப்போது இரண்டு குண்டு ஓட்டைகள் இருக்கின்றன, விரல் நுழையும். அதற்கு அப்புறம் அவர் ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல் இரண்டு ராத்திரி படுப்பதில்லை. மகளின் பள்ளிச் சீருடையை மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டே அலைகிறார், எந்த வீட்டில் விடிந்தாலும் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று. உங்கள் வாசலுக்கும் அந்தப் பையோடுதான் வந்தார்.

முதல் கேள்வி, "விசாவுக்கா?" இல்லை என்றதும் செக்யூரிட்டிக்கு எங்களை எந்த வரிசையில் நிற்க வைப்பது என்று தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். கடைசியில் உள்ளே விடும்போது, போனை லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள் என்றார். அவர் அவருடைய வேலையைச் செய்தார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மிரட்டல் முழுக்க அந்தப் போனில்தான் இருக்கிறது! பதினேழு வாய்ஸ் மெசேஜ். அதில் ஒன்றில் ஒருவன் அந்தப் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரையும், மணி அடிக்கும் நேரத்தையும் சொல்கிறான். உள்ளே இருந்த இளம் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், தண்ணீர் கொடுத்தார், ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சிசி வாசல் பக்கம் கையைக் காட்டினார். சரி, மின்னஞ்சலில் அனுப்புங்கள், ஆங்கில மொழிபெயர்ப்போடு, என்றார். அப்பாவின் மளிகைக் கடையில் கற்ற ஜூலுவை வைத்துக்கொண்டு நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து அந்த வசவுகளையும் கொலை மிரட்டல்களையும் ஒவ்வொரு வரியாக எழுதி அனுப்பினேன். பதினாறாம் நாள் பதில் வந்தது, கவலையோடு கவனத்தில் எடுத்துக்கொண்டார்களாம்.

அந்தப் பதினாறு நாளும் சிசி எங்கே படுத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு தூதரகத்திலும் இதற்கென்று ஒரு ஆள், ராத்திரியிலும் எடுக்கும் ஒரு போன் எண், ஜூலுவிலோ கோசாவிலோ பேச ஒருவர். உயிர் போன பிறகு அறிக்கை விடும் ஆள் இல்லை, உயிர் இருக்கும்போது வந்து பார்க்கும் ஆள்.

இது நானாகக் கண்டுபிடித்த கோரிக்கையும் இல்லை. 1998 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைக் காவலர்கள், அதாவது சிசியைப் போல மற்றவர்கள் உரிமைக்காக நிற்பவர்கள், பற்றிய பிரகடனத்தை ஏற்றது. அவர்களைக் காப்பது பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2004-லேயே தன் தூதரகங்களுக்கு வழிகாட்டு நெறிகள் எழுதியது. நார்வே 2010-ல், சுவிட்சர்லாந்து 2013-ல், கனடா 2016-ல் எழுதின. ஐரோப்பிய நெறிகளில் என்ன இருக்கிறது? அவர்களோடு தொடர்பில் இருங்கள், அழைத்துப் பேசுங்கள், அவர்கள் இடத்துக்கே போய்ப் பாருங்கள், வழக்கு நடந்தால் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். எல்லாம் உங்கள் கையெழுத்துத்தான். அவசர உதவிப் பணம்கூட இருக்கிறது, பூட்டு மாற்ற, சில மாதம் வேறு ஊரில் வாடகைக்கு இருக்க. நானாகத் தேடித்தான் அதைத் தெரிந்துகொண்டேன். சிசியிடம் அதைச் சொல்ல உங்கள் தரப்பில் யாரும் இல்லை.

செத்தவர்கள் கணக்கு உங்களுக்குத் தெரியும். 2016-ல் சொலோபேனியில் சுரங்கத்தை எதிர்த்த சிகோசிபி ராடேபே. 2020 அக்டோபரில் சோம்கேலேயில் நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்த ஃபிகிலே என்ட்ஷங்காசே, அவர் வீட்டிலேயே. 2021 ஆகஸ்டில் கௌட்டெங் சுகாதாரத் துறையில் பண மோசடியைச் சொன்ன பபிதா தேவ்கரன், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வீடு திரும்பிய வாசலில். பிறகு 2022-ல் டர்பனில் எங்கள் காட்டோ மேனர். எக்கெனானா குடியிருப்பில் மார்ச் 8 அன்று அயாண்டா என்கிலா, மே 5 அன்று நொகுதுலா மபாசோ, ஆகஸ்ட் 20 அன்று லிண்டோகுஹ்லே எம்ங்குனி. மூவரும் அபஹ்லாலி பசெம்ஜொண்டோலோ என்ற குடிசைவாசிகள் இயக்கத்தவர். முதல் கொலைக்கும் மூன்றாவது கொலைக்கும் நடுவில் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தது. அந்த ஐந்து மாதத்தில் வந்திருக்கலாம்.

காட்டோ மேனரை எங்கள் ஊர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தாத்தா ஆயா தலைமுறை கத்திரிக்காயும் கீரையும் போட்ட மண் அது. இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த நிறவெறிக் காலக் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி அங்கிருந்து கிளப்பி எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அதே மண்ணில் எக்கெனானா மக்களும் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார்கள். இதை நினைக்கும்போது எங்கள் ஆட்கள் மேலும் எனக்குக் கோபம் வருகிறது. 2021 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் எங்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் நடுவில் மதில் உயர்ந்தது, பேச்சு குறைந்தது. சிசியை ஒரு ராத்திரி தங்க வைக்க முடியுமா என்று நான் கேட்ட நான்கு வீடுகளில் மூன்று கதவைச் சாத்தின. அது எங்கள் பாடு, அதை நாங்கள்தான் சரிசெய்ய வேண்டும்.

உள்நாட்டு விவகாரத்தில் தலையிட முடியாது, தூதரக உறவுகள் பற்றிய வியன்னா ஒப்பந்தம் இருக்கிறது என்பீர்கள். தலையிடக் கூடாது என்கிற 1961 ஒப்பந்தத்தின் 41-ஆம் பிரிவை நானும் படித்தேன். அதே ஒப்பந்தத்தின் 3-ஆம் பிரிவு, நாட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சட்டபூர்வமான எல்லா வழியிலும் அறிந்து உங்கள் அரசுக்குச் சொல்வது தூதரகத்தின் வேலை என்கிறது. ஒரு பெண்மணியின் வீட்டுக் கதவை வந்து பார்ப்பது எந்தச் சட்டத்துக்கு விரோதம்?

இதே டர்பனில் 1984 செப்டம்பர் 13 அன்று நிறவெறி அரசை எதிர்த்த ஆறு பேர் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். எம்.ஜே. நாயுடு, பில்லி நாயர், மேவா ராம்கோபின், ஜார்ஜ் சூப்பர்சாத், ஆர்ச்சி குமேடே, பால் டேவிட். விசாரணை இல்லாமல் சிறையில் வைக்கும் ஆணையிலிருந்து தப்பத்தான் போனார்கள். பில்லி நாயர் இருபது வருடத் தண்டனை முடிந்து ராபன் தீவுச் சிறையிலிருந்து வெளியே வந்த வருடம் அது. வெளியே தள்ளமாட்டோம், ஆனால் உங்களுக்காகப் பேசவும் மாட்டோம் என்றது பிரிட்டிஷ் அரசு. அக்டோபரில் மூன்று பேர் வெளியே வந்தார்கள், வந்தவுடன் கைது. மற்ற மூவர் டிசம்பர் வரை ஏறக்குறைய தொண்ணூறு நாள் இருந்தார்கள். அந்த அரைகுறை அடைக்கலமே உலகத்தை இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. அப்புறம் நிறவெறி அரசை எதிர்த்தவர்கள் மேல் தேசத்துரோகம் சாட்டிய டெல்மாஸ் வழக்கு நடந்தபோது வெளிநாட்டுத் தூதரக ஆட்கள் நீதிமன்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நிறவெறிக் காலத்தில் முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை? எங்கள் தீபாவளிக்கு வந்து விளக்கேற்றுகிறீர்கள், சந்தோஷம், எப்போதும் வாருங்கள். அதே காரில் சிசி வீட்டுக்கும் வரலாமே.

ஒன்று சொல்லியாக வேண்டும், கொடி கட்டிய காரில் வருவது எல்லாருக்கும் நல்லதில்லை. சிலருக்கு அதனாலேயே ஆபத்து கூடும். வருவதா, கூப்பிடுவதா, சத்தமில்லாமல் இருப்பதா என்று அவரிடமே கேளுங்கள். கேட்பதற்குத்தான் அந்த ஒரு ஆளும் ஒரு எண்ணும் வேண்டும் என்கிறேன். போன் உள்ளே வரக் கூடாது என்றால், வாசலுக்கு வந்து கேட்க ஒருவரை அனுப்புங்கள்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். தயவுசெய்து ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த மாதம் சிசியின் வழக்கு டர்பனில் வருகிறது. தேதியும் அறை எண்ணும் உங்கள் எல்லாருக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன். சிசியிடம் கேட்டுவிட்டேன், வரச் சொல்லுங்கள் என்றார். காலை ஒன்பது மணிக்குப் பின்வரிசையில் உங்களில் ஒருவர் வந்து உட்கார வேண்டும், பேச வேண்டியதுகூட இல்லை. அவர் பக்கத்தில் அந்தப் பிளாஸ்டிக் பை இருக்கும், அடையாளம் தெரியும்.

பணிவுடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியர்