பாதிரியாரின் ஹாமிலி, அப்பாவின் ஹாமிலி

அன்புள்ள கணேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. டாக்டர் சொல்லும்வரை சொட்டு மருந்தை நிறுத்திவிடாதே.

நீ தமிழாக்கும் ஆங்கில நாவலில் ‘ஹாமிலி’ (homily) வரும் மூன்று இடத்திலும் ‘நீதிபோதனை’ என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அகராதியைப் பார்த்தால் அப்படித்தான் போடத் தோன்றும். ஆனால் மூன்றில் ஒன்றுக்குக்கூட அது ஒட்டவில்லை. யார் பேசுகிறார், எங்கே பேசுகிறார் என்று பார்த்துத்தான் இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேட வேண்டும்.

முதல் இடம், அயர்லாந்துப் பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பேசுவது. அது கத்தோலிக்கத் திருப்பலி, அதாவது ‘மாஸ்’ வழிபாடு. நற்செய்தி வாசித்து முடித்ததும், விசுவாச அறிக்கைக்கு முன்னால், வாசித்த பகுதியை விளக்கிப் பேசுவதுதான் ஹாமிலி. ‘பொய் சொல்லாதே, திருடாதே’ வகைப் பேச்சு அல்ல; வாசகத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய உரை. 1963-இல் கத்தோலிக்க ஆயர்களின் மாநாடான இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை வழிபாட்டின் ஒரு பகுதி என்றே வைத்தது. ஞாயிறு திருப்பலியில் தக்க காரணமில்லாமல் விடக்கூடாது. 1983-இன் திருச்சபைச் சட்டப்படி குருவானவரோ, திருத்தொண்டரோதான் (டீக்கன்) அதை ஆற்றலாம். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் அதை ‘மறையுரை’ என்கிறார்கள். அதையே போடு. எட்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, ஜனங்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று போப் பிரான்சிஸ் 2024-இல் சொன்னதும் இந்த மறையுரையைப் பற்றித்தான்.

இங்கே ‘உபதேசம்’ என்று மட்டும் போட்டுவிடாதே. தமிழ்க் கத்தோலிக்கரிடம் அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது: ஞானோபதேசம் என்றால் மறைக்கல்வி, உபதேசியார் அதைச் சொல்லிக்கொடுப்பவர். சைவ, வைணவ வாசகருக்கோ உபதேசம் என்றதும் குரு காதில் மந்திரம் ஓதுவதுதான் நினைவுக்கு வரும்.

இரண்டாவது இடம், பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றிய பத்தி. அங்கே ஹாமிலி பேசுவதல்ல, அச்சான ஏட்டைப் பார்த்து வாசிப்பது. 1547-இல், ஆறாம் எட்வர்ட் காலத்தில், பேராயர் கிரான்மரின் முயற்சியில் பன்னிரண்டு ஹாமிலிகள் கொண்ட தொகுப்பு வந்தது. சொந்தமாகப் பிரசங்கிக்கத் தகுதியோ அனுமதியோ இல்லாத குருமார் நிறையப் பேர். அவர்கள் ஞாயிறுதோறும் வரிசையாக இவற்றை வாசித்துவிட வேண்டும். எலிசபெத் காலத்தில், 1563-இல், இரண்டாம் தொகுப்பு வந்தது. வடக்கே கலகம் நடந்த பிறகு, 1571-இல், அரசுக்குக் கீழ்ப்படியாமையைக் கண்டிக்கும் நீண்ட ஹாமிலி ஒன்றையும் அதில் சேர்த்தார்கள். மற்ற தலைப்புகளைப் பார்: பெருந்தீனியும் குடியும், ஆடம்பர உடை, சோம்பல், திருமணம். வேத விளக்கமாக இருந்த சொல்லின் மேல் ஒழுக்கப் போதனை வாடை ஏறியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. இந்த இடத்துக்கு ‘வாசிப்புப் பிரசங்கம்’ சரியாக இருக்கும். சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபைகளில் பிரசங்கம்தான் புழக்கத்தில் உள்ள சொல்.

அடிச்சொல்லில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிரேக்கத்தில் ‘ஹோமிலியா’ என்றால் கூடிப் பேசுவது, பழகுவது. போதனை வாடையே கிடையாது. “ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்” என்று பழைய தமிழ் வேதாகமத்தில் பவுல் சொல்கிறாரே, அங்கே ‘சம்பாஷணை’ என்று இருப்பதற்குக் கிரேக்க மூலத்தில் இதே சொல்தான். துரோவா என்ற ஊரில் பவுல் விடியும்வரை பேசினார் என்கிற இடத்திலும் இதன் வினைச்சொல்தான் வருகிறது. அந்த ராத்திரிதான் ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். எட்டு நிமிடக் கணக்குக்கு வேறு சாட்சி வேண்டுமா!

மூன்றாவது இடம்தான் உன்னைத் திணறடித்தது: இரவுச் சாப்பாட்டின்போது அப்பா சிக்கனத்தைப் பற்றி ‘எ லிட்டில் ஹாமிலி’ கொடுக்கிறார். இங்கே சொல்லில் மெல்லிய கேலி இருக்கிறது. மகன் தப்பு செய்து, அதற்காக அப்பா பிடித்துக்கொண்டால் ஆங்கிலத்தில் அது ‘லெக்சர்’. நம் ‘புத்திமதி’ அதற்குக் கிட்டத்தட்ட வரும். ஹாமிலிக்கு யாரும் தப்பு செய்திருக்க வேண்டியதில்லை. கேட்காமலே வரும், எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருக்கும், சொல்பவருக்கு மட்டும் புதிதாகத் தோன்றும். ‘அறிவுரை’ போட்டால் கேலி போய்விடும். ‘நீதிபோதனை’ போட்டால் பள்ளிக்கூட வகுப்பாகிவிடும். “அப்பா சிக்கனத்தைப் பற்றிக் கொஞ்சம் உபதேசம் பண்ணினார்” என்று எழுது. முதல் இடத்தில் நான் வேண்டாம் என்ற அதே சொல் இங்கே அளவெடுத்ததுபோல உட்காரும். ‘கொஞ்சம்’ என்பதை விடாதே, ‘லிட்டில்’ சுமக்கும் நக்கலை அதுதான் கொண்டுவரும்.

அமெரிக்க எழுத்தில் நாலாவது ஒன்றும் வரலாம்: சுவரில் மாட்டிவைக்கும் ஒற்றை வரி வாசகத்தையும் ஹாமிலி என்பார்கள். அப்போது ‘பொன்மொழி’ போதும். எழுத்தாளர் முகம் சுளிக்கிறார் என்று தெரிந்தால் ‘புளித்துப்போன பொன்மொழி’.

தட்டச்சில் ‘ஹோம்லி’யோடு குழம்பாமல் பார்த்துக்கொள். கல்யாண விளம்பரத்துப் பெண்ணுக்குப் பாதிரியாரின் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொன்று. மற்ற அத்தியாயங்களில் தேவாலயம் வந்தால் எந்தச் சபை என்று முதலில் பார். ‘மாஸ்’ வந்தால் பெரும்பாலும் கத்தோலிக்கம். ‘விகார்’, ‘ரெக்டர்’ வந்தால் இங்கிலாந்துத் திருச்சபையாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘ஆயர்’ என்று எழுதும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும்: கத்தோலிக்கரிடம் ஆயர் என்றால் பிஷப், தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர் என்பவர் ஊர்ச் சபையின் குருவானவர், பிஷப் அங்கே பேராயர். கத்தோலிக்கரின் பேராயரோ ஆர்ச்பிஷப். இரண்டாவது இடத்தில் கிரான்மருக்குப் பேராயர் என்றே இருக்கட்டும், அவர் கேன்டர்பரி ஆர்ச்பிஷப்தான்.

அந்த மூன்று பக்கத்தின் ஆங்கில மூலத்தையும் நகலெடுத்து அனுப்பு; முன்பின் இரண்டு பத்தியும் சேர்த்து.

அன்புடன்,
உன் சுந்தரம்