வெனிசுவேலா: பெட்ரோல் கணக்கை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலவசங்களை அள்ளிக் கொடுத்தே வெனிசுவேலா திவாலானது என்று சென்ற மாத இதழில் ஒரு கட்டுரை வந்தது. எல்லாம் அமெரிக்கா செய்த வேலை என்று அதற்கு இந்த மாதம் ஒரு வாசகர் பதில் எழுதியிருக்கிறார். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டையும் படித்தேன். இருவருமே எண்ணெய்க்கு என்ன ஆனது என்று பேசவே இல்லை.

கட்டுரையாளர் இலவசம் என்றதும் ரேஷன் பெட்டியைப் படம் போட்டுக் காட்டுகிறார். அந்தப் பெட்டி 2016-ல்தான் வந்தது, கடைகள் காலியான பிறகு. அதற்கு முன்பே அந்த நாட்டில் பெரிய இலவசம் ஒன்று இருந்தது: பெட்ரோல். 1990-களின் பிற்பகுதியிலிருந்து 2016 பிப்ரவரி வரை அதன் விலையில் கை வைக்கவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கும் காசில் கார் டேங்கையே நிரப்பலாம். கார் வைத்திருந்தவருக்கு லாபம். எல்லை தாண்டி கொலம்பியாவுக்குக் கேன் கேனாகக் கடத்தியவருக்குக் கொள்ளை லாபம். பஸ்ஸில் போகிற ஏழைக்குக் கிடைத்தது சொற்பம். சரி, ஏன் ஏற்றவில்லை? 1989 பிப்ரவரியில் அதிபர் கார்லோஸ் ஆந்த்ரேஸ் பெரேஸின் அரசு ஐ.எம்.எஃப். (சர்வதேச நிதியம்) கடனுக்கு விதித்த நிபந்தனைகளை ஏற்றுப் பெட்ரோல் விலையை உயர்த்தியது. பஸ் கட்டணம் எகிறியது, தலைநகர் காரகாஸ் பற்றி எரிந்தது, ராணுவம் சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அந்தப் பயம் 1999-ல் அதிபரான சாவேஸையும் விடவில்லை.

அடுத்து எண்ணெய் நிறுவனம். 1976-ல் நாட்டுடைமையானபோது உருவான பெடெவேசா, ஒரு காலத்தில் உலகமே மதித்த அரசு நிறுவனம். 2002 டிசம்பரில் சாவேஸைப் பதவியிறக்க அதன் அதிகாரிகளும் ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசியலுக்காக நடந்த வேலைநிறுத்தம்தான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அது முடிந்ததும் ஏறக்குறைய 18,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார் சாவேஸ். ஷட்டவுனில் இருக்கும் ஒரு யூனிட்டை மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவர, அதிலேயே பத்துப் பதினைந்து வருஷம் கிடந்த ஆபரேட்டர் வேண்டும். அந்த ஆளைத்தான் அனுப்பிவிட்டார்கள்.

போதாக்குறைக்கு, எண்ணெய்க் கம்பெனியிடமே உணவு இறக்குமதியையும் கொடுத்தார்கள். 2010-ல் புவேர்ட்டோ கபேயோ துறைமுகத்தில் கன்டெய்னர் கன்டெய்னராக உணவு அழுகிக் கிடந்தது அம்பலமானது. 2012 ஆகஸ்டில் அமுவாய் சுத்திகரிப்பு ஆலையில் வாயு கசிந்து வெடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017-ல், சாவேஸுக்குப் பின் அதிபரான மதுரோ இந்த நிறுவனத்தின் தலைவராக நியமித்தது எண்ணெய்த் துறை அனுபவமே இல்லாத ஒரு ராணுவ ஜெனரலை. நம் ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கு அங்கே சான் கிறிஸ்டோபால் வயலில் 40 சதவீதப் பங்கு உண்டு. அதற்கு வரவேண்டிய லாபப் பணம் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் நின்றது.

இதையெல்லாம்விட ஆழமாக அரித்தது டாலர் விலை. 2003-லிருந்து டாலரை அரசு சொன்ன விலையில், அரசு அனுமதித்தவருக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். 2013-ல் ஒரு டாலரின் அரசு விலை 6.30 பொலிவார் (அந்த நாட்டு நாணயம்). அந்த வருஷக் கடைசியில் கள்ளச்சந்தையில் அதே டாலர் 60-ஐத் தொட்டது. பால் பவுடர் இறக்குமதி செய்கிறேன் என்று அனுமதி வாங்கி, டாலரைக் கையில் வாங்கிக்கொண்டு, பெயருக்குக் கொஞ்சம் சரக்கை இறக்கி, மிச்ச டாலரை வெளியே விற்றால் போட்டது ஒன்பது மடங்காகத் திரும்பும். பிறகு எவர் மாடு வளர்ப்பார், எவர் பால் கறப்பார்? வெளிநாடு போகிறவர்களுக்கும் கிரெடிட் கார்டில் மலிவு டாலர் ஒதுக்கீடு இருந்தது. அந்த வருஷம் விமான டிக்கெட்டுகள் மாதக்கணக்கில் முன்கூட்டியே தீர்ந்துபோயின. ஆனால் பல விமானங்கள் காலி இருக்கைகளோடு பறந்தன. டிக்கெட்டைக் காட்டினால் ஒதுக்கீடு கிடைக்கும், பயணம் எதற்கு? டாலர்கள் போலிக் கம்பெனிகளுக்குப் போயின என்று சாவேஸின் திட்ட அமைச்சராக இருந்த ஹோர்ஹே ஜோர்தானியே வெளிப்படையாகச் சொன்னார்.

பேரல் 100 டாலருக்கு விற்றவரை இந்த ஓட்டை தெரியவில்லை. 2014-ல் விலை சரிந்ததும் அரசு நோட்டடிக்க ஆரம்பித்தது. மத்திய வங்கியே ஒப்புக்கொண்ட 2018-ன் பணவீக்கம் 1,30,060 சதவீதம். 2008, 2018, 2021 என மூன்று தவணையில் நோட்டிலிருந்து 14 பூஜ்யங்களை அழித்தார்கள். (நம் ஊரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த அடுத்த மாதமே மதுரோவும் 100 பொலிவார் நோட்டைச் செல்லாததாக்கினார். கடைகள் சூறையாடப்பட்டதும் தேதியைத் தள்ளிப்போட்டார்.)

டாலரும் சோறும் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தானே அதிகாரம்? 2015 டிசம்பரில் எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்தை வென்றன. உச்ச நீதிமன்றத்தை வைத்து அதை முடக்கினார் மதுரோ. 2016-ல் உணவு விநியோகத்தைப் பாதுகாப்பு அமைச்சரிடம் ஒப்படைத்தார். 2024 ஜூலைத் தேர்தலில் வாக்குச்சாவடி வாரியான கணக்கை வெளியிடாமலேயே அவர் வென்றதாக அறிவித்தார்கள்.

அமெரிக்காவைக் குறை சொன்ன வாசகருக்கு ஒரு வார்த்தை. 1990-களின் கடைசியில் நாளொன்றுக்கு 30 லட்சம் பேரலுக்கு மேல் எடுத்த நாடு, 2018 முடிவதற்குள் 12 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. பெடெவேசா மீது அமெரிக்கத் தடை வந்தது 2019 ஜனவரியில். தடை வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த நாட்டின் ஓரினோகோ பகுதியில் கிடைக்கும் எண்ணெய் தார்போல இருக்கும். நாப்தா என்ற லேசான எண்ணெயைக் கலந்தால்தான் குழாயில் ஓடும். அந்த நாப்தா அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றது, வாங்குவோரும் விலகினார்கள், 2020 நடுவில் உற்பத்தி 4 லட்சம் பேரலுக்கும் கீழே போனது. அதே ஆண்டு மே மாதம், 30,000 கோடி பேரல் இருப்பு உள்ள நாட்டுக்கு ஈரானிலிருந்து பெட்ரோல் கப்பல் வந்தது. அதற்குள் பல லட்சம் பேர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது அந்த எண்ணிக்கை 70 லட்சத்துக்கும் மேல்.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவார் என்று போட்டிருக்கிறீர்கள். 6.30 பொலிவாருக்கு டாலர் வாங்கியவர்கள் யார், அந்தப் பணம் எங்கே போனது என்பதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்,
திருவொற்றியூர்.