ஏழு வாசல் எலுமிச்சம்பழம்

சேலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. பட்டறைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.

பாப்பா கூட்டல், பெருக்கல் எல்லாம் மடமடவென்று போடுகிறாள், ஆனால் ‘ஒருவர் கடைக்குப் போனார்’ என்று ஆரம்பிக்கிற கணக்கு வந்தால் மட்டும் நோட்டை மூடிவிடுகிறாள் என்று சொன்னாய். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அந்த ஒருவர் யார், எதற்கு 12 பேனா வாங்கினார், அதில் 5 பேனாவை ஏன் அடுத்தவருக்குக் கொடுத்தார் என்று புத்தகம் சொல்வதில்லை. பிள்ளைக்கு மனசு எங்கே ஒட்டும்?

உனக்குச் சின்ன வயதில் சொன்ன கதைகளை அனுப்பச் சொன்னாய். போனில் சொன்னால் விடையை மட்டும் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். நல்ல கணக்குக் கதைக்கு ஒரு அடையாளம் உண்டு கண்ணு. பிள்ளை சிரிக்கிற இடமும் முடிச்சு அவிழ்கிற இடமும் ஒன்றாகவே இருக்கும். சிரிப்பு ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று கிடந்தால் அந்தக் கதையை எடுக்காதே.

முதலில் எலுமிச்சம்பழம். நம் பக்கத்தில் ரொம்ப நாளாகப் புழங்குகிற கணக்கு இது. கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா. கதைக்காகக் கோயிலுக்கு ஏழு வாசல் வைத்துக்கொள், வாசலுக்கு ஒரு காவல்காரர். யார் பழம் கொண்டுவந்தாலும் பாதியை வாங்கிக்கொள்வார். அப்புறம் மனசு கேட்காமல் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏழு பேருக்கும் இதே சட்டம். ஒரு அம்மா, அம்மன் காலடியில் இரண்டு பழம் வைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். வீட்டிலிருந்து எத்தனை எடுத்துப் போக வேண்டும்?

இங்கே நிறுத்து. பாப்பா நூறு என்பாள், ஆயிரம் என்பாள். சொல்லட்டும், தப்பு என்று சொல்லாதே. கதையில் அந்த அம்மாவின் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைக்கிறார். சின்னக்கடை வீதியில் ஒரு மூட்டைப் பழத்துக்கு விலை பேசி, வண்டிக்கும் சொல்லிவிட்டார். இந்த அம்மாவோ இரண்டே பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள். முதல் காவல்காரர் பாதியை வாங்குகிறார், அதாவது ஒன்று. சட்டப்படி ஒன்றைத் திருப்பித் தருகிறார். கையில் மறுபடி இரண்டு. அடுத்த வாசலில் அடுத்தவர் மீசையை முறுக்கிக்கொண்டு ஒன்றை வாங்குகிறார், அதையே திருப்பிக் கொடுக்கிறார். இதை ஏழு தடவையும் விடாமல், ஏழு விதமான குரலில் சொல்ல வேண்டும். நாலாவது வாசலிலேயே பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிக்கும்போதே கணக்கும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அத்தோடு விட்டால் பாதிக் கதைதான். பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “அவ ரெண்டு வெச்சாளா? நான் மூணு வெக்கிறேன் பாரு” என்று கிளம்புகிறாள். ஒன்றே ஒன்றுதானே கூட, நாலைந்து கொண்டுபோனால் போதாதா என்று யாருக்கும் தோன்றும். பின்னாலிருந்து வா. ஏழாவது வாசலைத் தாண்டும்போது கையில் மூன்று. அதில் ஒன்று காவல்காரர் திருப்பித் தந்தது, ஆக பாதி என்பது இரண்டு, வாசலுக்கு முன்னால் நாலு. அதற்கு முந்தின வாசலுக்கு முன்னால் 6. அப்புறம் 10, 18, 34, 66. முதல் வாசலுக்கு வரும்போது 130. ஒரு பழம் கூட வைக்க ஆசைப்பட்டவள் 130 பழத்தைச் சுமக்க வேண்டும்!

அந்த எண்களை 130இலிருந்து 3 வரை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றிலும் இரண்டைக் கழிக்கச் சொல். 128, 64, 32, 16, 8, 4, 2, 1. இரண்டுக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் வாசலுக்கு வாசல் அது சரிபாதியாகிறது. இரண்டு மட்டும்தான் கரையாமல் நிற்கிறது. இதை நீ விளக்காதே, அவளே பார்க்கட்டும். அப்புறம் நாலு பழம் வைக்க எத்தனை வேண்டும் என்று கேள். 260 என்பாள். சரியான விடை 258. இரண்டு எப்படிக் கூடிப்போனது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து தேடுங்கள்.

அடுத்தது ஏற்காட்டு மலைப்பாதை. நீ பஸ்ஸில் வாந்தி எடுத்த அந்த 20 கொண்டை ஊசி வளைவுகள்தான். ஒரு பெரியவர் சனிக்கிழமை காலை 6 மணிக்கு அடிவாரத்திலிருந்து மொபெட்டில் ஏறுகிறார். ஒரு வளைவில் டீ குடிக்கிறார், ஒரு வளைவில் குரங்குக்குப் பயந்து பொட்டலத்தை ஒளித்து வைக்கிறார், ஒரு வளைவில் துண்டை விரித்துத் தூங்கியே விடுகிறார். சாயங்காலம் 6 மணிக்கு ஏரிக்கரை. மறுநாள் காலை 6 மணிக்கு அதே பாதையில் இறங்கி, மதியச் சாப்பாட்டுக்குள் அடிவாரம் வந்துவிடுகிறார். இரண்டு நாளும் ஒரே நேரத்துக்கு அவர் ஒரே இடத்தில் இருந்தார் என்று சொல்லும்படி ஒரு இடம் உண்டா?

பெரியவர்கள் உடனே வேகம் என்ன, தூரம் என்ன என்று கேட்பார்கள். எதுவும் வேண்டாம். சனிக்கிழமைப் பெரியவரும் ஞாயிற்றுக்கிழமைப் பெரியவரும் ஒரே நாளில் 6 மணிக்குக் கிளம்பியதாக வைத்துக்கொள். ஒருவர் ஏறுகிறார், ஒருவர் இறங்குகிறார், பாதை ஒன்றுதான். எங்கேயோ ஒரு வளைவில் நேருக்கு நேர் வந்துதானே ஆக வேண்டும்? “ஏறுற வண்டிக்கு வழி விடணும்னு தெரியாதா?” என்கிறார் சனிக்கிழமைக்காரர். “வயசானவன் வர்றேன், ஒதுங்க மாட்டியா?” என்கிறார் மற்றவர். இரண்டு பேருக்கும் ஒரே மீசை, ஒரே துண்டு, ஒரே நம்பர் பிளேட். அந்தச் சண்டை நடக்கிற இடம்தான் விடை. கல்லூரியில் இடைமதிப்புத் தேற்றம் என்று இதைத்தான் படிக்கிறார்கள். பாப்பாவுக்கு அந்தப் பெயர் இப்போது வேண்டாம், சண்டை போதும்.

கொலுசுக் கதை உனக்கே தெரியும். ஒன்பது கொலுசு, ஒன்று மட்டும் எடை குறைவு, அது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். தராசுக்காரர் ஒரு தடவை நிறுக்க ஒரு தட்டுவடை செட் கேட்கிறார், நம்மிடம் இரண்டு செட்டுக்குத்தான் காசு. மூன்றை இந்தத் தட்டில் வை, மூன்றை அந்தத் தட்டில் வை, மூன்றைக் கீழே விடு. தட்டு ஒரு பக்கம் மேலே போனால் அந்த மூன்றில் குறை. சமமாக நின்றால் கீழே இருக்கிற மூன்றில் குறை. தட்டிலேயே ஏறாத கொலுசையும் தராசு எடை போட்டுவிட்டது பார்! மிச்சம் மூன்றுக்கும் அதே வேலைதான். துணி மாட்டுகிற ஹேங்கரில் இரண்டு பக்கமும் பை தொங்கவிட்டால் தராசு தயார். ஒன்பது தீப்பெட்டியில் ஒன்றை மட்டும் காலி செய்து அவள் கையில் கொடு.

லாட்ஜில் தங்கிய மூன்று பேர் கதையை மட்டும் இப்போது சொல்லாதே. ஆளுக்கு 1000 கொடுத்தார்கள், மேனேஜர் 500 திருப்பி அனுப்பினார், ரூம் பையன் 200 எடுத்துக்கொண்டு ஆளுக்கு 100 கொடுத்தான், ஆளுக்கு 900 வீதம் 2700, பையனிடம் 200, மீதி 100 எங்கே என்று வருமே, அதுதான். அந்த 200 ஏற்கெனவே 2700க்குள் இருக்கிறது. கழித்தால் லாட்ஜில் இருக்கிற 2500 வரும், கூட்டுவதற்கு அங்கே வேலையே இல்லை. இதில் சொல்கிறவர் வேண்டுமென்றே கேட்கிறவரைத் தடுக்கி விழ வைக்கிறார். கணக்கைக் கண்டு பயந்த பிள்ளையிடம் அது ஆகாது. பயம் தெளியட்டும், அப்புறம் சொல்லலாம்.

‘கதை கேட்டுக்கொண்டிருந்தால் பரீட்சைக்கு ஆகுமா’ என்று மாப்பிள்ளை கேட்டாராமே. அவரிடம் ராமானுஜனைச் சொல். நம் பக்கத்து ஊர் ஈரோட்டில் 1887இல் பிறந்தவர். 1914 கடைசியில் கேம்பிரிட்ஜில் அவர் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தபோது, பார்க்க வந்த மகாலனோபிஸ் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் வந்த ஒரு புதிர்க்கதையை வாசித்துக் காட்டினார். நீளமான தெரு, வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும் அந்தப் பக்கம் உள்ளவற்றைக் கூட்டினாலும் ஒரே தொகை. தெருவில் 50க்கு மேல் 500க்குள் வீடுகள். மொத்தம் எத்தனை வீடு, அந்த வீட்டின் எண் என்ன? மகாலனோபிஸ் போட்டுப் பார்த்து விடையைக் கண்டுபிடித்திருந்தார்: 288 வீடு, 204ஆம் எண். ராமானுஜனோ கேட்டதும், பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போகிற ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். இப்படி அமைகிற எல்லாத் தெருக்களுக்கும் அதில் விடை இருந்தது. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினாரே, அவரேதான் இந்த மகாலனோபிஸ். இரண்டு பெரிய மூளைகள் ஒரு கதைக்காக அடுப்படியில் நின்றிருக்கின்றன.

பாப்பாவுக்கு எட்டு வீட்டுத் தெரு போதும். ஒரு வீட்டு அம்மா முறுக்குச் சுட்டு, கதவு எண் எத்தனையோ அத்தனை என்று எல்லா வீட்டுக்கும் கொடுக்கிறாள். இடப்பக்கத்துக்குப் போனதும் வலப்பக்கத்துக்குப் போனதும் சரிசமம். இடப்பக்கத்தில் ஐந்து வீடு, வலப்பக்கத்தில் இரண்டே வீடு. கடைசி வீட்டுக்காரர் எட்டு முறுக்கோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவள் வீடு எது என்று பாப்பா சொல்லட்டும்.

மே மாதம் வரும்போது ஏற்காட்டுப் பலாப்பழம் ஒன்று வாங்கி வைக்கிறேன். காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே எத்தனை சுளை என்று தெரிந்துவிடும் எனக் காரிநாயனார், கணக்கதிகாரம் என்கிற பழைய தமிழ்க் கணக்கு நூலில் வெண்பாவே பாடியிருக்கிறார். பாப்பா முள்ளை எண்ணட்டும், மாப்பிள்ளை சுளையை எண்ணட்டும். பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம். பலாப்பால் கறை போகாது, இரண்டு பேருக்கும் பழைய துணி எடுத்து வா.

அன்புடன்,
அம்மா