காத்திருந்தவள் எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊழியர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் நிறுவனங்கள் நெருக்கடிக்கு எப்படித் தயாராக வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். யாரும் அதிகம் எழுதாத விஷயம். எழுத வைத்ததற்கு நன்றி. கட்டுரையாளர் மனிதவளத் துறையில் நெடுங்காலம் இருந்தவர் என்று அறிமுகத்தில் சொல்லியிருந்தீர்கள். அப்படிப்பட்டவர் எழுதியதால்தான் அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை: "இத்தகைய நேரங்களில் ஊழியர்கள் பதற்றப்படாமல், நிறுவனத்தின் அறிவிப்புக்காகக் காத்திருப்பதே உத்தமம்."

ஐயா, நான் காத்திருந்தவள்.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானில் நிலம் ஆடியபோது டோக்கியோவில் ஓர் உயரமான கட்டடத்தில் ஆன்சைட் வேலையில், அதாவது வாடிக்கையாளரின் அலுவலகத்திலேயே இருந்து செய்யும் வேலையில், இருந்தேன். லிஃப்ட் நின்றது, ரயில்கள் நின்றன. அன்றிரவு தலைநகர்ப் பகுதியில் மட்டும் வீடு திரும்ப முடியாமல் தவித்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அதில் நானும் ஒருத்தி. ஐந்து வயது மகளின் பள்ளி இருந்த திசையில் நான்கு மணி நேரம் நடந்தேன். கைப்பேசியில் யாரையும் கூப்பிட முடியவில்லை. ஆனால் மின்னஞ்சல் போனது, வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டுவிட்டதாக என் கணவர் எழுதிய இரண்டு வரி கிடைத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நெருக்கடி வந்தால் ஒருவர் இன்னொருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று எங்கள் நிறுவனம் சங்கிலி மாதிரி ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தது. அதன் முதல் கண்ணியே அன்று வேலை செய்யவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பிற்பகலில் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் முதல் உலைக் கட்டடம் வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருந்த அவசர எண்ணைக் கூப்பிட்டேன். அலுவலக நேரத்தில் தொடர்புகொள்ளும்படி பதிவுசெய்த குரல் சொன்னது. ஞாயிற்றுக்கிழமையும் அதே குரல்தான். திங்கட்கிழமை காலை மூன்றாவது உலைக் கட்டடமும் வெடித்தது. கட்டுரையாளர் காத்திருக்கச் சொல்கிற அந்த அறிவிப்பு அன்று மாலைதான் வந்தது. அதிலும் எழுதியிருந்தது இதுதான்: அமைதியாக இருங்கள், அடுத்த அறிவிப்புக்குக் காத்திருங்கள்.

அந்த நாட்களில் ஆளுக்கு ஓர் அறிவுரை சொன்னார்கள் என்பது பத்திரிகை நடத்தும் தங்களுக்குத் தெரியாததல்ல. ஜப்பான் அரசு அணுமின் நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேற்றியது. அமெரிக்கா தன் மக்களை 80 கிலோமீட்டருக்கு அப்பால் போகச் சொன்னது. பிரான்ஸ், அவசியம் இல்லாதவர்கள் டோக்கியோவையே விட்டு விலகலாம் என்றது. ஜெர்மனியின் தூதரகம் ஒசாகாவுக்கு மாறியது. இதில் எதைப் பின்பற்றுவது? யார் முடிவெடுப்பது? எங்கள் நிறுவனத்தில் அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதே எழுதப்படவில்லை. எங்களிடம் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இல்லை. அதனால்தான் காத்திருக்கச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு பட்டியல் வந்தது, அவரவர் பெயரைச் சரிபார்க்கச் சொல்லி. எட்டு மாதம் முன்பே திரும்பிப் போய்விட்ட ஒருவரின் பெயர் அதில் இருந்தது. மூன்று வாரம் முன்பு ஒப்பந்த நிறுவனம் மூலமாக வந்து, என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த பையனின் பெயர் இல்லை. அவனுடைய அம்மா எங்கள் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது, அப்படி ஒருவர் எங்களிடம் இல்லையே என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவிடமும் போய்ப் பதற்றப்படாதீர்கள் என்று சொல்ல முடியுமா?

அன்றிரவே எங்கள் நிறுவனத்தின் டிராவல் டெஸ்க்கிலிருந்து (பயண ஏற்பாட்டுப் பிரிவு) எனக்கு டிக்கெட் வந்தது. ஒரே ஒரு டிக்கெட். கணவரும் குழந்தையும் 'தனிப்பட்ட பயணம்' என்ற கணக்கில் வருவார்களாம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு போகும்படி வற்புறுத்தியதும் இதே அலுவலகம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் காலத்தில் ஜப்பானில் வேலை விசாவில் இருக்கிற வெளிநாட்டவர், மறுநுழைவு அனுமதி வாங்காமல் நாட்டை விட்டுப் போனால் தங்கும் உரிமையையே இழந்துவிடுவார். 2012 ஜூலையில்தான் அந்த விதி தளர்ந்தது. எங்களை உடனே புறப்படச் சொன்னவர்களுக்கு இது தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வாடிக்கையாளர் அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் இருந்த ஜப்பானியப் பெண் ஒருவர் வலிய வந்து சொன்னார். ஷினகாவா குடியேற்ற அலுவலகத்துக்கு எப்படிப் போவது என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தார். கட்டடத்தைச் சுற்றி வரிசை நீண்டிருந்தது. நாள் முழுக்க நின்று, ஆளுக்கு 3,000 யென் முத்திரை ஒட்டி மூவருக்கும் அனுமதி வாங்கினோம். வாங்காமல் விமானம் ஏறிய சக ஊழியர் ஒருவர் மறுபடி புது விசா எடுத்து வந்து சேரப் பல மாதங்கள் ஆயின.

தாள் கொடுத்த அந்தப் பெண்ணின் பெற்றோர் சுனாமி தாக்கிய செண்டாய் பக்கம் இருந்தார்கள். அன்றுவரை அவர்களிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நாங்கள் விமானம் ஏறினோம். அவர் அலுவலகச் சாவியை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். அனுப்பப்பட்டவர்களைப் பற்றி மட்டும் திட்டம் போட்டு, அங்கேயே இருக்கிறவர்களை மறந்துவிடுகிற வழக்கத்தைக் கட்டுரையாளரும் விடவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

திரும்பி வந்த பிறகு, நான் வேலை செய்யாத ஒன்பது நாட்களை என் விடுப்புக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டார்கள். இது எனக்குப் புதிதும் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு, 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டுச் சுமார் 1 லட்சம் விமானங்கள் ரத்தானபோது நான் ஐரோப்பாவில் ஒரு விடுதியில் மாட்டிக்கொண்டேன். பயண ஒப்புதல் முடிந்த தேதியோடு தினப்படியும் முடிந்தது. கூடுதல் நாட்களுக்கான அறை வாடகையைத் திரும்பப் பெற ஏழு மாதம் கடிதம் எழுதினேன். இதையெல்லாம் குறிப்பிட்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். அது வெளிவரவில்லை. இடம் இல்லாமல் போயிருக்கலாம்; அதைக் குறையாகச் சொல்லவில்லை.

காப்பீடு எடுத்துக் கொடுத்துவிட்டால் பாதிக் கடமை முடிந்தது என்றும் கட்டுரை சொல்கிறது. காப்பீடு பணத்தைப் பின்னால் தரும். பல மருத்துவமனைகள், பணத்துக்கு யாராவது உறுதி கொடுத்த பிறகுதான் சேர்த்துக்கொள்ளும். நள்ளிரவில் அந்த உறுதிக் கடிதத்தை அனுப்ப ஆள் வேண்டும், ஆம்புலன்ஸ் விமானத்தை ஏற்பாடு செய்ய ஆள் வேண்டும். இவை காப்பீட்டில் தானாக வந்துவிடுவதில்லை. போரும் அணுக் கதிர்வீச்சும் பெரும்பாலான பாலிசிகளில் விலக்கப்பட்டவை என்பதைப் பொடி எழுத்தில் படித்துத் தெரிந்துகொண்டவள் நான்.

இதெல்லாம் பழைய கதை என்று யாராவது சொல்லலாம். 2023 ஏப்ரல் 15-இல் சூடானில் சண்டை மூண்டபோது தலைநகர் கார்ட்டூமின் விமான நிலையம் முதல் நாளே மூடப்பட்டது. வெளியேறியவர்களில் பலர் 800 கிலோமீட்டருக்கு மேல் சாலைவழி போய், போர்ட் சூடானில் கப்பல் ஏறினார்கள். விசாவுக்காகத் தூதரகங்களில் கொடுத்திருந்த கடவுச்சீட்டுகள் பூட்டிய கட்டடங்களுக்குள் மாட்டிக்கொண்டன. அங்கெல்லாம் வண்டிக்கு டீசல், கையில் ரொக்கம், கடவுச்சீட்டு எங்கே இருக்கிறது என்கிற விவரம், இவற்றை முன்பே யோசித்து வைத்திருப்பதுதான் தயார்நிலை.

தயாராக இல்லாதது குற்றமா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. கென்யாவின் டடாப் அகதிகள் முகாமில் 2012-இல் கடத்தப்பட்ட தொண்டு ஊழியர் ஒருவர், தம்மை அனுப்பிய நார்வே அகதிகள் மன்றத்தின் மேல் வழக்குப் போட்டார். மன்றம் கடும் கவனக்குறைவோடு நடந்துகொண்டது என்று 2015-இல் ஆஸ்லோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல நோக்கத்தோடு நடக்கும் அமைப்புக்கே அந்தக் கண்டிப்பு. பயண அபாயங்களை நிறுவனங்கள் கையாள, சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 31030 என்ற வழிகாட்டி 2021-இலேயே வந்துவிட்டது. அதன் பெயர்கூடக் கட்டுரையில் இடம்பெறவில்லை.

கட்டுரையாளர் மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. எங்கள் யாருக்கும் அன்று பதற்றம் ஒரு சிக்கலாக இருக்கவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு மூன்று நாள் நான் அமைதியாகத்தான் இருந்தேன். எங்களை அனுப்பியவர்களுக்கு நாங்கள் எங்கே இருக்கிறோம், எத்தனை பேர் இருக்கிறோம் என்று தெரியவில்லை. அதுதான் சிக்கல்.

தங்களிடம் நான் கேட்பது அரைப் பக்கம். வெளிநாட்டு வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன் ஊழியர் கேட்க வேண்டிய கேள்விகளை அடுத்த இதழில் ஒரு கட்டம் கட்டி வெளியிடுங்கள். விடுமுறை நாளின் இரவில் அவசர எண்ணை எடுப்பவர் யார்? என்னைத் திரும்ப அழைக்கும் முடிவு யாருடையது? என் கணவரும் குழந்தையும் உங்கள் பட்டியலில் இருக்கிறார்களா? ஒப்பந்த நிறுவனம் மூலம் வருபவர் யார் பொறுப்பு? நான் வெளியேறினால் என் விசா என்ன ஆகும்? வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளம் உண்டா? கட்டுரையாளரே இவற்றுக்குப் பதில் எழுதினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி
(பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன, வெளியிட வேண்டாம்.)