பதினொன்றாம் நம்பர் கூண்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம், உன் நலமறிய ஆவல். வேளாவேளைக்குச் சாப்பிடு.

பணம் வந்தது. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தேன். எப்போதும் வரும் பேங்க் பெயர் இல்லை, வேறு ஏதோ இருந்தது. சும்மா சொன்னேன், கேட்கவில்லை. அடுத்த மாதம் அனுப்ப வேண்டாம். யார்டில் வாட்ச்மேன் வேலைக்குக் கொடுப்பதே எங்கள் இருவருக்கும் போதும்.

காசிமேட்டில் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகு போகாது. மாமா இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, நிழலில் வலை தைக்கிறார். வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு அம்மா வெறும் பையோடு திரும்பினாள். அண்ணன் மகளுக்குக் காது குத்து வைத்திருக்கிறார்கள், தேதி அவனே சொல்வான். அவனுக்கு மட்டும் போன் செய்ய உனக்கு நேரம் இருக்கிறதாமே.

கடைசியாகப் பேசியபோது, "ஆபீஸ்ல பத்தாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்கப்பா" என்றாய். சிரித்துவிட்டேன். "சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில்" என்று நியூஸில் புயல் கூண்டு நம்பர் சொல்லும்போதெல்லாம் ஓடிப்போய் சுவரில் கரியால் நம்பர் எழுதுவாயே, அந்த ஞாபகம். அதற்கப்புறம் உன் குரலே இல்லை. "பிசிப்பா" என்று மெசேஜ் மட்டும்.

பத்துக்கு மேலும் ஒரு கூண்டு உண்டு, நீ சுவரில் எழுதாதது. பத்து என்றால் பெரும்புயல் துறைமுகத்தின் மேலேயோ பக்கத்திலேயோ கரை கடக்கப்போகிறது. பதினொன்று அதைவிடப் பெரிய காற்று இல்லை. வானிலை ஆபீஸோடு தொடர்பே அறுந்துபோனால் ஏற்றுவது.

உன் கம்பெனியில் வேலை கொடுக்காமல் ஆளைப் பெஞ்சில் உட்காரவைப்பார்களாம், பெரியம்மா மகன் சொன்னான். "உட்காரத்தானே சொல்றாங்க, நல்லதுதானே" என்கிறாள் அம்மா. நான் விளக்கவில்லை. நம் தெருவில் முதலில் கம்ப்யூட்டர் படித்தவள் நீ. ரேஷன் கடையில் இன்றைக்கும் என்னைப் பாப்பாவோட அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். போனில் வரும் லோன் ஆப் எதையும் தொடாதே. சாப்பிடு.

என் கம்பெனி மூடியபோது நீ ஆறாவது. முதலில் லே-ஆஃப் என்றார்கள். எங்கள் காலத்தில் லே-ஆஃப் என்றால் வேலை போனதாக அர்த்தமில்லை. பாதிச் சம்பளம், திரும்பக் கூப்பிடுவார்கள். ஒரேயடியாகப் போனால் அது ஆட்குறைப்பு. உங்கள் பக்கம் இரண்டுக்கும் ஒரே பெயர் போலிருக்கிறது. பிறகு கேட்டில் பூட்டு விழுந்தது. "கம்பெனி தூங்குது" என்றோம். டீக்கடையில் எல்லோரும் அதையேதான் சொன்னோம். தூங்கினால் எழுந்துவிடும் அல்லவா? முதல் மாதம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விட்டேன், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஐந்து மாதம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன் பார், அதுதான் தப்பு. தாத்தா வேலை பார்த்த பி அண்ட் சி துணி மில் 1996இல் மூடியது எனக்குத் தெரியாதா? அங்கே சினிமா ஷூட்டிங் நடந்தது, தறி ஓடவில்லை. தெரிந்தும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, காசிமேட்டில் வலைக் குவியல் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஷிப்ட் முடியும் நேரத்துக்கு வீடு வருவேன்.

ஒரு சனிக்கிழமை அம்மா வெந்நீர் போட்டாள். மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை உச்சியில் வைத்து அரக்கித் தேய்த்தபடி, "தலை முழுகுய்யா" என்றாள். எண்ணெய்க் குளியல் என்றுதான் நினைத்தேன். "உன் கம்பெனி தூங்கல. செத்துப்போச்சு. பதினாறு எப்பவோ முடிஞ்சுது. இன்னியோட தலை முழுகு" என்று சொம்பை என் கையில் கொடுத்தாள். எல்லாம் அவளுக்கு முதல் வாரமே தெரியுமாம். மாமா சொல்லியிருக்கிறார். தெரிந்தும் தினம் சோறு கட்டியிருக்கிறாள். சீயக்காய் கண்ணில் விழுந்த சாக்கில் அழுதேன். திங்கட்கிழமை யார்டுக்குப் போய் வாட்ச்மேன் வேலை கேட்டேன்.

இதுகூட உனக்குப் பாதி தெரிந்திருக்கும். தெரியாதது உன் கொலுசு.

மெருகு போடக் கொடுத்திருக்கிறேன் என்றேன். தினமும் கேட்டாய். "மெருகு ஏற நாளாகும் பாப்பா" என்பேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கடையில் மினுக்கிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். அது சேட்டுக் கடையில் இருந்தது. யார்டில் முதல் சம்பளம் வாங்கிக்கொண்டு போனேன். சீட்டைப் பார்த்துவிட்டு, மூழ்கிடுச்சு என்றார். கெடு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதே பணத்தில் உனக்கு ஸ்கூல் பை வாங்கிக்கொண்டு வந்தேன். நீ அப்புறம் கொலுசைக் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். நீயும் அம்மா மாதிரிதானோ என்னவோ.

நெத்திலிக் கருவாடு பார்சல் அனுப்பியிருக்கிறோம். ரூமில் மற்ற பிள்ளைகள் முகம் சுளித்தால் பால்கனியில் வைத்து வறுத்துக்கொள். பேச வேண்டாம், மெசேஜில் நம்பர் மட்டும் போடு. மூன்று, ஏழு, எதுவானாலும் சரி. அம்மாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அண்ணனிடமும் சொல்லமாட்டேன்.

உன் அறை அப்படியே இருக்கிறது. தையல் மிஷினை மட்டும் அங்கே போட்டிருக்கிறோம், எடுத்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா